ஒற்றைக் காலில் பத்துத் தரம்

என் அன்பான சந்தியாப்பிள்ளை சேர்,

நான் தவராசா எழுதுகிறேன். கரடியனாற்றிலிருந்து வந்து கல்லூரி விடுதியில் தங்கிப் படித்த தவராசா. நீங்கள் வைத்த பெயரைச் சொன்னால்தான் உங்களுக்குச் சட்டென்று நினைவு வரும்: கரடியன். மற்றப் பொடியன்கள் அப்படிக் கூப்பிட்டால் அடிக்கப் போவேன். நீங்கள் கூப்பிட்டால் ஓடி வருவேன்.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. பழைய மாணவர்கள் உங்களுக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். என்னிடமும் கட்டுரை கேட்டு இரண்டு தரம் வந்தார்கள். முதல் தரம் வேலை கிடக்கிறது என்று அனுப்பிவிட்டேன். இரண்டாம் தரம் வந்தவரிடம், "நான் எழுதினா நீங்க போடமாட்டீங்க" என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார்.

இப்போது நானாகவே எழுத உட்கார்ந்திருக்கிறேன். போன மாதம் இங்கே ஒன்று நடந்தது. அதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதைச் சொல்வதென்றால் பழைய கதையையும் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் இந்த மலரை வாசிக்கிறவர்களுக்குத் தெரியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் சேர்.

நான் பதினோராம் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தவன், திரும்பிப் போகவில்லை. இனிப் படித்தது காணும், வயல் வட்டையில் இறங்கு என்று அப்பா சொல்லிவிட்டார். வயலில் வேளாண்மை வெட்டு நடந்துகொண்டிருந்த ஒரு நாள் நீங்கள் உங்கள் பழைய மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினீர்கள். அந்தச் சண்டைக் காலத்தில் அந்தப் பாதையில் எத்தனை இடத்தில் மறித்து விசாரித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நீளக் காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு தாக்கத்தியை வாங்கி, எங்களோடு சேர்ந்து கதிர் அறுத்தீர்கள். சரியாக வெட்டத் தெரியாமல் விரலையும் வெட்டிக்கொண்டீர்கள். மத்தியானச் சோறு தின்னும்போதுதான், என்னைத் திரும்பக் கல்லூரிக்கும் உங்கள் உதைபந்தாட்ட அணிக்கும் அனுப்பும்படி கேட்டீர்கள்.

அப்பா கேட்டார்: "பந்தடிச்சுச் சோறு தின்னலாமா சேர்?"

"அது எனக்குத் தெரியாது அண்ணே. ஆனா பொடியன அனுப்புங்க. அவன் என்ட பொறுப்பு."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அப்பா என்னை அனுப்பினார்.

உங்களிடம் விளையாடப் பழகியவர்கள் நூறு பேர் இந்த மலரில் எழுதுவார்கள். விடிய ஐந்து மணிக்கு வாவிக்கரை மணலில் வெறுங்காலோடு ஓடியது, அதன் பிறகு நீங்கள் கொண்டுவந்து தரும் பாணும் சம்பலும், எல்லாம் அவர்கள் சொல்லட்டும். எனக்கு மறக்காதது ஒன்று. முதல் மாதம் முழுதும் மைதானத்தில் கோல் கம்பமே இல்லாமல் விளையாட விட்டீர்கள். பந்தை எங்கே அடிப்பதென்று தெரியாமல் நாங்கள் முழித்தோம். "கோலப் பாக்காதீங்கடா. பக்கத்தில நிக்கிறவனப் பாருங்க" என்றீர்கள். மாதக் கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் பந்து நிஹாரின் காலுக்குத்தான் போகும் என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

நிஹார் ஏறாவூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவான். பாதை பூட்டுகிற நாட்களில் அவன் தன்னாமுனையில் உங்கள் வீட்டிலேயே தங்குவான். முஸ்லிம் பிள்ளை என்று அவனுக்காக உங்கள் மனைவி றெஜினா டீச்சர் புதுச் சட்டி ஒன்று வாங்கி, அதில் வேறாக மீனும் மரக்கறியும் ஆக்கிக் கொடுத்தார். அந்தச் சட்டியைப் பற்றி அவன் இன்றைக்கும் சொல்லுவான்.

சரி, அந்தப் போட்டிக்கு வருகிறேன்.

மாகாணப் போட்டியின் அரையிறுதியில் எதிரணிப் பொடியன் ஒருவன் என் வலது முழங்காலின் மேல் வந்து விழுந்தான். அன்றைக்கே என்னை நீங்கள் முறிவு வைத்தியரிடம் ஏற்றிப் போனீர்கள். அவர் தொட்டுப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் உங்களைத் திரும்பிப் பார்த்து, "நாப்பது நாளைக்கு இவன் ஓடக்கூடா சேர்" என்றார். எண்ணெய்த் துணி சுற்றி அனுப்பினார். இறுதிப் போட்டி ஐந்தாம் நாள்.

திருகோணமலை அணியோடு ஆட்டம். ஒருவரும் கோல் அடிக்கவில்லை. முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது, மாற்று ஆட்களோடு நான் உட்கார்ந்திருந்த வாங்கடிக்கு நீங்கள் வந்தீர்கள். எனக்கு முன்னால் குந்தினீர்கள்.

"ஏலுமாடா கரடியன்? பத்து நிமிசம் மட்டும்."

"ஏலும் சேர்."

நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. முழங்காலைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டீர்கள். நான் பொய் சொன்னேன், நீங்கள் அதை நம்பியதுபோல் எழுந்தீர்கள். எனக்குப் பதினெட்டு வயது, சேர். நீங்கள் கேட்டு நான் ஏலாது என்று சொன்ன ஒன்று அதுவரை இருந்ததில்லை.

மூலையிலிருந்து நிஹார் தூக்கி அடித்த பந்து. தலையால் முட்டினேன். கோல். பொடியன்கள் எல்லோரும் என் மேல் விழுந்தார்கள். அதற்கடுத்த பந்துக்கு நான் சும்மா ஒரு திரும்பல் திரும்பினேன், ஒருவரும் என்னைத் தொடவில்லை. பச்சைத் தென்னை மட்டையைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நோவு அதற்குப் பிறகுதான் வந்தது.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு தரம் வந்தீர்கள். முதல் தரம் தோடம்பழம் கொண்டுவந்தீர்கள். இரண்டாம் தரம் கப்பைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தீர்கள். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். போகும்போது அதைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். பிறகு வரவில்லை.

அன்றைய ஆட்டத்தைப் பார்க்கக் கொழும்பு அணியொன்றின் ஆட்கள் வந்திருந்தார்கள். என்னைப் பார்க்கத்தான் வந்தார்களாம். நிஹாரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். காலுக்குச் சத்திரசிகிச்சை செய்வதென்றால் கொழும்புக்குத்தான் போகவேண்டும் என்றார்கள். அந்த நாளில் எங்களுக்குக் கொழும்பு என்பது வேறொரு நாடு. கால் தானாக ஆறுகிற மட்டும் ஆறியது. அப்பா வந்து என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனார். வழியில் ஒரே ஒரு தரம் கேட்டார்: "பொறுப்பெடுத்த மனிசன் எங்க?" அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையை எடுக்கவேயில்லை. நான்தான் அதை விடவில்லை.

வாழைச்சேனைக்கு மாமாவிடம் வந்து மோட்டார் சைக்கிள் திருத்தப் பழகினேன். குந்தி எழும்ப ஏலாத காலோடு அந்த வேலை செய்வது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சின்ன முக்காலி செய்து வைத்திருக்கிறேன். இப்போது கடை என் பெயரில். கலியாணம் கட்டினேன். கபிஷா பிறந்தாள்.

நீங்கள் ஒரு நாள் கடைக்கு வந்தது நினைவிருக்கிறதா? கபிஷா அப்போது தவழுகிற பிள்ளை. பின் டயரில் காற்று இல்லை என்று மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தீர்கள். தலை நன்றாக நரைத்திருந்தது. நான் டியூப்பைக் கழற்றி, காற்றடித்து, தண்ணீரில் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு குமிழியும் வரவில்லை. டியூப்பில் ஓட்டை இல்லை சேர். ஆரோ வால்வைத் திருகிக் காற்றைத் திறந்துவிட்டிருந்தார்கள். அது ஆரென்று எனக்கு அப்போதே விளங்கியது.

"ஓட்டை இல்ல சேர்" என்றேன்.

"ஓ" என்றீர்கள். "கால் எப்பிடிடா?"

"மழைக்கு நோகும்."

அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. உங்களுக்கு நாற்காலி எடுத்துப் போடவில்லை. தேத்தண்ணி வேணுமா என்று கேட்கவில்லை. நீங்கள் வாயைத் திறந்து மூடினீர்கள். பிறகு சைக்கிளில் ஏறிப் போய்விட்டீர்கள். அன்றைக்கு நான் தலையை நிமிர்த்தி "சொல்லுங்க சேர்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால்? இதை எத்தனை தரம் யோசித்துவிட்டேன்.

உங்கள் அடக்கத்துக்கும் நான் வரவில்லை. அன்று கடையைப் பூட்டினேன். ஏறாவூர் தாண்டி, தன்னாமுனைச் சேமக்காலைக்குத் திரும்புகிற இடம் வரைக்கும் வந்தேன். பாதை நிறையச் சனம். கல்லூரி நிறத்தில் கழுத்துப்பட்டி கட்டின ஆண்கள், நரைத்தவர்கள், வழுக்கை விழுந்தவர்கள், எல்லோரும் அழுதுகொண்டு நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் நிற்க எனக்கு ஒரு முகம் இல்லை என்று பட்டது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

இனித்தான் நீங்கள் அறியாத கதை.

கபிஷாவுக்கு இப்போது பதினேழு வயது. நிஹார் கொழும்பில் இரண்டு மூன்று வருடம் விளையாடிவிட்டுத் திரும்பி வந்து உடற்கல்வி ஆசிரியரானது உங்களுக்குத் தெரியும். அவன் எங்கள் பக்கத்துப் பாடசாலைக்கு மாறி வந்து பெண்பிள்ளைகளுக்கு ஒரு உதைபந்தாட்ட அணி தொடங்கினான். கபிஷா தாயிடம் மட்டும் சொல்லிவிட்டு ஆறு மாதம் பழகியிருக்கிறாள். ஒரு நாள் நிஹார் கையெழுத்து வாங்கக் கடிதத்தோடு கடைக்கு வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"முன்னுக்கு நிக்கிறவள் மச்சான். உன்ன மாதிரியே கண்ண மூடிக்கொண்டு அடிக்கிறாள்" என்றான்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இருபது வருடத்துக்கு மேல் ஒரு மைதானத்துக்குள் கால் வைக்காதவன், பிள்ளையின் ஆட்டத்தைப் பார்க்கப் போனேன். அவள் பந்தை வாங்கித் திரும்பிய அந்தத் திரும்பலைக் கண்டதும் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பெருமையும் பயமும் ஒன்றாக வந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பிள்ளைகள் மாகாண அரையிறுதி வரைக்கும் வந்தார்கள். ஆட்டம் சனிக்கிழமை, மட்டக்களப்பில். தேசிய அணிக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்கிறவர்கள் பார்க்க வருகிறார்கள் என்று கதை வந்தது. வியாழக்கிழமை காலையில் கபிஷா பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டாள். எங்கள் வீட்டு முன்வாசலில் மூன்று படி. அதை அவள் பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக, வலது காலை முதலில் வைத்து இறங்கினாள். நான் இத்தனை வருடமாக இறங்குகிற விதம் அது.

"புள்ள, கால் என்ன?"

"ஒண்ணுமில்லப்பா."

"வீங்கியிரிக்கா?"

அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். "கொஞ்சம். அம்மாட்டச் சொல்லிராதீங்க. நிஹார் சேருக்குத் தெரிஞ்சா விடமாட்டார். சனிக்கிழம மட்டும்தானே அப்பா?"

இந்த இடத்தில் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள், சேர்? உங்களை இத்தனை காலம் மனதுக்குள் வைத்து வழக்கு நடத்தியவன் நான். அவளைக் கட்டிலில் கிடத்தி, நிஹாரைக் கூப்பிட்டு, பிள்ளை வரமாட்டாள் என்று சொல்லியிருப்பேன் என்றுதானே?

நான் உள்ளே போய், மழை நாட்களில் என் முழங்காலுக்குச் சுற்றுகிற பட்டியை எடுத்துவந்தேன். பிள்ளையைப் படியில் இருத்தி, இறுக்கிச் சுற்றினேன். "ஏலுமா புள்ள?" என்று கேட்டேன். "ஏலும் அப்பா" என்றாள். தெரிவாளர்கள் வருகிறார்கள் என்பது மட்டும்தான் என் தலைக்குள் ஓடியது. எனக்குக் கிடைக்காதது அவளுக்குக் கிடைக்கட்டும் என்று நினைத்தேன். அதை அன்பு என்றுதான் நான் நினைத்தேன், சேர். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

சனிக்கிழமை மைதானத்துக்குப் போனோம். ஆட்டத்துக்கு அரைமணி நேரம் முன்பு நிஹார் பிள்ளைகளைக் கோட்டுக்கு வெளியே வரிசையாக நிறுத்தினான். "எல்லாரும் வாங்க. கரடியன்!" என்று சத்தம் போட்டான்.

என்னைத்தான் கூப்பிடுகிறான் என்று நான் ஒரு அடி முன்னுக்கு வைத்துவிட்டேன். ஆனால் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளைகள் காலில் கட்டியிருந்த பட்டி, காலுறை எல்லாவற்றையும் கழற்றினார்கள். ஒவ்வொருத்தியாக வந்து அவனுக்கு முன்னால் ஒற்றைக் காலில் பத்துத் தரம் துள்ளினார்கள், பிறகு மற்றக் காலில் பத்துத் தரம். அவன் குந்தியிருந்து அவர்களின் முழங்காலைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கபிஷா இடது காலில் பத்தும் துள்ளினாள். வலது காலில் நான்கு. ஐந்தாவதற்கு மற்றக் கால் நிலத்தில் முட்டியது. சிரித்துக்கொண்டு "வழுக்கிட்டு சேர்" என்றாள்.

"ஓம் மகள். நீ அங்க போய் இரி" என்றான் நிஹார்.

நான் மைதானத்தைக் குறுக்கே கடந்து போனேன்.

"என்ன மச்சான் செய்யிறாய்? முன்னுக்கு நிக்கிற புள்ள இல்லாம எப்பிடி வெல்லுவாய்?"

"வெல்லமாட்டம் எண்டுதான் நினைக்கிறன்."

"தெரிவுக்கு ஆக்கள் வந்திரிக்காங்க. அவள்ட வாழ்க்கை மச்சான்."

"ஓம். தெரியும்."

"முழு ஆட்டமும் கேக்கல்ல. கடைசியில விடு. பத்து நிமிசம் மட்டும்."

சொல்லி முடிந்ததும் அது என் குரல் இல்லை என்பது போலிருந்தது. நிஹார் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த வாங்கடியில், நீங்கள் என்னைக் கேட்ட நேரம், அவன் பத்தடி தூரத்தில் நின்றவன். அவனுக்கும் கேட்டிருந்தது.

"மச்சான், இது நான் போட்ட சட்டமில்ல" என்றான். "சேர் போட்டது. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது, சேர். என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, பந்தில் இருந்து கண்ணை எடுக்காமல் அவன் சொன்னான். நான் போன அடுத்த வருடம் முதல் நீங்கள் ஒவ்வொரு புது அணியையும் மணலில் இருத்திவைத்து ஒரு கதை சொல்வீர்களாம். கரடியன் என்று ஒரு பொடியன் இருந்தான். நல்ல பொடியன். வைத்தியர் நாற்பது நாள் என்று என்னிடம் சொல்லியிருந்தார். நான் அவனிடம் ஏலுமா என்று கேட்டேன். கேட்கக் கூடாத கேள்வி அது. பொடியன்கள் ஏலும் என்றுதான் சொல்வார்கள். "ஒரு கப்புக்காக ஒரு புள்ளையிட காலத் திண்டவன் நான்" என்பீர்களாம். அதன் பிறகு ஒற்றைக் காலில் பத்துத் தரம். ஆராக இருந்தாலும், இறுதிப் போட்டியாக இருந்தாலும், துள்ளாதவனுக்கு ஆட்டமில்லை. உங்களிடம் பழகி எவன் பயிற்றுவிக்கப் போனாலும் இதைச் செய்வேன் என்று சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும்.

"காத்தான்குடியில செய்யிறாங்க, களுவாஞ்சிக்குடியில செய்யிறாங்க. வெளிநாட்டுக்குப் போன நம்மட பொடியனொருத்தன் அங்கயும் செய்யிறானாம்" என்றான் நிஹார். "பேர் கரடியன்தான். இந்தப் புள்ளைகளுக்கு அது ஒரு ஆள்ட பேரெண்டே தெரியாது."

எங்கள் பிள்ளைகள் ஒரு கோலால் தோற்றார்கள். கடைசி நிமிடத்தில் எதிரணியின் கோலுக்கு முன்னால் பந்து ஒன்று சும்மா உருண்டு போனது. கபிஷா நின்றிருந்தால் அடித்திருப்பாள். அவளுக்கும் அது தெரியும். முகத்தைச் சட்டைக்குள் புதைத்துக்கொண்டு அழுதாள். தெரிவாளர்கள் வந்தார்கள், எழுதினார்கள், போனார்கள். கபிஷா ஒரு கிழமைக்கு நிஹாரோடும் கதைக்கவில்லை, என்னோடும் கதைக்கவில்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். முழங்காலின் பக்கச் சவ்வு பாதி கிழிந்திருந்தது. இளம் டொக்டர் பிள்ளை, படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்ல காலம் விளையாடல்ல. இதோட ஒரு தரம் திரும்பியிருந்தா முழுசாப் போயிருக்கும்" என்றார். இரண்டு மாதம் ஓய்வு. பிறகு ஓடலாம். அடுத்த வருடம் விளையாடலாம். கபிஷா என் முகத்தைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை தன்னாமுனைக்குப் போனேன். டீச்சர் பூசை முடிந்து வந்து, வெளியே கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும் ஆரென்று கேட்கவில்லை. நடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"வா மகன். இவ்வளவு நாள் போயிட்டே."

உட்கார்ந்தேன். எதை முதலில் கேட்பதென்று தெரியவில்லை. கடைசியில் இதைத்தான் கேட்டேன்: "சேர் ஊருக்கெல்லாம் சொன்னவராம் டீச்சர். எனக்கு ஏன் சொல்லல்ல?"

"உன்ட கடைக்கு வந்தாரே" என்றார். "கிரான் சந்தியில சைக்கிள நிப்பாட்டி, காத்தத் திறந்து விட்டுட்டு, அங்க இருந்து தள்ளிக்கொண்டே வந்தவர். சும்மா வந்து நிக்க வெக்கம் அவருக்கு. திரும்பி வந்து, 'அவன் கண்டுபிடிச்சிட்டான் றெஜினா, ஆனா ஒண்ணும் கேக்கல்ல' எண்டார். அண்டைக்குச் சோறு தின்னல்ல."

"பிறகு ஒரு தரம் வந்திருக்கலாமே?"

"வந்திருக்கலாம். நானும் சொன்னன். ஆயிரம் பேருக்கு முன்னால நிண்டு சொல்லுற மனிசனுக்கு ஒருத்தன்ட முகத்தப் பாத்துச் சொல்ல ஏலாமப் போயிட்டு. அது அவர்ட குறைதான் மகன். நான் மறைக்கமாட்டன்."

அவர் உங்களுக்காகப் பரிந்து பேசாதது எனக்கு ஆறுதலாக இருந்தது, சேர். பிறகு நான் கபிஷாவின் காலுக்குப் பட்டி சுற்றியதைச் சொன்னேன். என் மனைவியிடம்கூட அதுவரை சொல்லாததை. டீச்சர் கையை நீட்டி என் முழங்காலில் வைத்தார். அந்தக் கையை அவர் எடுக்கும்வரை நானும் அசையவில்லை.

வெளிக்கிடும்போது நினைவு மலரைப் பற்றிக் கேட்டேன். எழுதினால் இதைத்தான் எழுதுவேன், உங்களுக்குச் சம்மதமா என்று.

"எழுது" என்றார். "நல்ல மனிசன் நல்ல மனிசன் எண்டு எல்லாரும் எழுதியிரிக்காங்க. வாசிச்சா வேற ஆரோ ஒருத்தர்ட மாதிரி இரிக்கு."

மலர்க் குழுவில் ஒருவர் தொலைபேசியில் எடுத்து, நல்லதை மட்டும் எழுதினால் போதுமே அண்ணே என்றார். இது நல்லது இல்லையா தம்பி என்று கேட்டேன். இதில் ஒரு வரி வெட்டினாலும் என் பெயரையும் சேர்த்து வெட்டிவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகும், சேர். மாரி வந்தால் முழங்கால் நோகத்தான் போகிறது. நோகும்போது உங்கள் நினைவும் வரத்தான் போகிறது. ஆனால் இத்தனை வருடமும் நான் நினைத்துக்கொண்டிருந்தது, நீங்கள் என்னைக் கட்டிலில் விட்டுவிட்டுக் கப்போடு போய்விட்டீர்கள் என்று. நீங்கள் போகவில்லை. ஒவ்வொரு வருடமும் மணலில் உட்கார்ந்து அந்தக் கட்டிலுக்குத் திரும்பி வந்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியாத எத்தனையோ பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் நல்ல காலோடு நடந்து திரிகிறார்கள். அதில் ஒருத்தி என் வீட்டில் இருக்கிறாள். அந்தக் கணக்கில் நானும் இருக்கிறேன் என்பதை எப்படி எடுத்துக்கொள்வது? சந்தோசப்படுவதா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கபிஷா நேற்று முதல் தரம் கேட்டாள்: "அப்பா, கரடியன் எண்டது நீங்களா?" நிஹார் சொல்லிவிட்டான்போல. ஓம் என்றேன். "அப்ப நீங்க ஏன் என்னப் போகவிட்டீங்க?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையில் தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: "பிழை புள்ள. அப்பா செஞ்சது பிழை." சொல்வதற்கு அவ்வளவு கஷ்டமாகத்தான் இருந்தது. நீங்கள் ஏன் சைக்கிளில் ஏறிப் போனீர்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

தை மாதம் பாடசாலை தொடங்கினால் அணிக்குப் புதுப் பிள்ளைகள் சேருவார்கள். முதல் நாள் அவர்களை இருத்திவைத்து நிஹார் உங்கள் கதையைச் சொல்வான். இந்த முறை நான் வருகிறேன், நானே சொல்கிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் உங்கள் பிழையை மட்டும் சொன்னீர்கள். கதையில் மிச்சம் இருக்கிறது. நீங்கள் கேட்டபோது 'ஏலும்' என்று பொய் சொன்னவன் நான். என் பிள்ளையின் வீங்கிய காலில் பட்டி சுற்றியவனும் நான். அதையும் சேர்த்துச் சொல்வேன். பிள்ளைகளிடம் மட்டுமல்ல, கூட்டிக்கொண்டு வருகிற தாய் தகப்பன்மாரையும் நிறுத்திவைத்துச் சொல்வேன். காலை மடித்து நிலத்தில் உட்கார எனக்கு ஏலாது, நின்றுகொண்டே சொல்வேன். என்னால் மைதானத்துக்கு நடந்து போக ஏலுமான காலம் மட்டும், ஒவ்வொரு வருடமும். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

நீங்கள் இளைப்பாறுங்கள், சேர். இனி நான் பொறுப்பு.

உங்கள் மகன்,
கபிஷாவின் அப்பா,
தவராசா
வாழைச்சேனை